கடல் உப்பும் பழைய ஊர்களும்: வாசகர் கேள்வி பதில்

பிரிட்டனின் கடற்கரை ஊர்களில் புதிது புதிதாக ஏதேதோ திறக்கிறார்களே, அதைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. பிளாக்பூல் போகலாம் என்றால் தெரிந்தவர்கள் எல்லாரும் அது பழைய ஊர், ஒரே இரைச்சல் என்கிறார்கள். அங்கே புதிதாக ஒரு மியூசியம் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகலாமா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

தாராளமாகப் போங்கள். பழைய ஊர் என்கிறார்களே, போக வேண்டியதே அதற்காகத்தான். நீங்கள் கேள்விப்பட்ட மியூசியத்தின் பெயர் ஷோடவுன், 2024 மார்ச்சில் திறந்தார்கள், டவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கஸ், மாயவித்தை, நகைச்சுவை மேடை, நடனம், கடற்கரை விளக்கு அலங்காரம் என்று அந்த ஊர் நூறு வருஷத்துக்கு மேலாக எதை வைத்துப் பிழைத்ததோ அதையே காட்சியாக்கியிருக்கிறார்கள். தொடாதே, ஓடாதே என்று பிள்ளைகளை அதட்டும் வகை மியூசியம் இல்லை, தொட்டும் ஆடியும் பார்க்கத்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, வேறு எந்த ஊரிலும் தூக்கி வைக்க முடியாத மியூசியம் இது என்பது.

ஆனால் மியூசியத்தோடு திரும்பிவிடாதீர்கள். 1889-ல் பாரிஸில் ஐஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிளாக்பூல் மேயர் ஜான் பிக்கர்ஸ்டாஃப் நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று கிளம்ப, 1894-ல் 158 மீட்டர் உயரத்துக்கு டவர் எழுந்தது. அந்தக் கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே ஒரு சர்க்கஸ் அரங்கம் இருக்கிறது, ஆட்டம் முடியும் நேரத்தில் வட்டமேடை கீழே இறங்கித் தண்ணீர் நிரம்பிவிடும், பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அதே கட்டடத்தில் 1899-ல் ஃபிராங்க் மாட்சம் வடிவமைத்த நடனக்கூடம் இருக்கிறது, தங்க முலாம் பூசிய சுவர், ஓவியம் தீட்டிய மேற்கூரை, மேடையில் வுர்லிட்சர் ஆர்கன். பகலில் அங்கே வயதான தம்பதிகள் கைகோத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். 1956-ல் தீப்பிடித்து எரிந்த கூடம் அது, பழையபடியே சரிசெய்து திறந்தார்கள். டவரே 1920-களின் தொடக்கத்தில் துருவேறிப்போய், மூன்று நான்கு வருஷம் செலவழித்து இரும்பை மாற்றி நிறுத்திய டவர்தான்.

அப்புறம் விளக்குகள். 1879-ல் எட்டு ஆர்க் விளக்குகளைக் கடற்கரைச் சாலையில் ஏற்றினார்கள், எடிசன் தன் பல்புக்குக் காப்புரிமை வாங்கும் முன்பே. இன்று ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்கு விளக்கு, ஆகஸ்ட் கடைசியில் ஏற்றுவார்கள், பார்க்கக் காசு கிடையாது. மற்ற கடற்கரை ஊர்கள் செப்டம்பரில் கடையை மூடும்போது பிளாக்பூலுக்கு மட்டும் கூட்டம் வருவதற்குக் காரணம் இந்த விளக்குதான். அக்டோபர் அரைப்பருவ விடுமுறையில் போனால் இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடற்கரைச் சாலையை விட்டுப் பின்தெருக்களுக்குள் நடந்தால் வறுமை கண்ணில் படும், இங்கிலாந்திலேயே மிகவும் பின்தங்கிய குடியிருப்புகளில் சில அங்கேதான் இருக்கின்றன. அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள்தான் இரைச்சல், பழசு என்று சொல்கிறார்கள். நீங்கள் அங்கே சாப்பிட்டு, தங்கி, டிக்கெட் வாங்கினால் அந்தக் காசு அந்த ஊருக்குத் தேவைப்படுகிற காசு. ரயிலில் பிரெஸ்டன் வழியாக பிளாக்பூல் நார்த் போய் இறங்குங்கள், 2024 ஜூன் முதல் ஸ்டேஷனிலிருந்தே டிராம் கிடைக்கிறது.

அந்தக் குளிரில், அந்தக் கடலில் போய்க் குளிக்க வேண்டும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?
– வாசகர், கோயம்புத்தூர்

ஒரு டாக்டர். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்பவர் 1750-ல் கடல்நீர் மருத்துவத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார், கழலைக்கட்டிக்குக் கடல்நீரில் குளிக்கலாம், குடிக்கவும் செய்யலாம் என்றார். அவர் சிபாரிசு செய்த பிரைட்டன் அன்றைக்கு மீனவர் குடியிருப்பு. பணக்கார நோயாளிகள் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், 1783-ல் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் ஜார்ஜே வந்தார், சக்கரம் வைத்த மரக்கூண்டுக்குள் உடை மாற்றி, அந்தக் கூண்டைக் குதிரை கடலுக்குள் இழுத்துப் போய் விட, மறைவாக இறங்கிக் குளிக்கும் வழக்கம் பரவியது.

அது வரைக்கும் பணக்காரர் விஷயம். சாதாரண ஜனங்களைக் கடலுக்குக் கொண்டுவந்தது ரயில். பிரைட்டனுக்கு 1841-ல், பிளாக்பூலுக்கு 1846-ல் பாதை போட்டார்கள். நீங்கள் கோயம்புத்தூர்க்காரர், மில் ஊரின் நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். லங்காஷயரில் ஒவ்வொரு மில் ஊருக்கும் வருஷத்தில் ஒரு வாரம் உண்டு, கொதிகலனையும் இயந்திரத்தையும் பழுதுபார்க்க மில்லை மொத்தமாக மூடுவார்கள், ஊரே ரயிலேறி பிளாக்பூலுக்கு வந்துவிடும். இந்த வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் இன்னொரு ஊர் என்று முறை வைத்து வந்ததால் கோடை முழுக்க விடுதிகள் நிரம்பின. அந்த மில் துணி நம் சந்தைக்கும் வந்தது, நம் கைத்தறிக்காரர்கள் அதனால் பட்ட பாடு தனியாகப் பேச வேண்டிய கதை. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டம், 1938-ல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டம், கூட்டம் கூடிக்கொண்டே போனது. பிறகு விமானம் வந்தது, ஸ்பெயினில் வெயில் நிச்சயம், செலவும் கட்டுப்படியாகும். மில்களும் மூடின. இன்றைக்கு இந்த ஊர்கள் புதிய ஈர்ப்பு எதையாவது தேடி அலைவது அந்தக் காலியான இடத்தை நிரப்பத்தான்.

கட்டடக்கலை படிக்கிறேன். பிரைட்டன் ஐ360 கோபுரத்தை வகுப்பில் பெரிய சாதனையாகச் சொன்னார்கள். திவாலானது என்று பிறகுதான் படித்தேன். எங்கே தவறியது?
– மாணவர், மதுரை

வகுப்பில் சொன்னதும் உண்மைதான். 162 மீட்டர் உயரம், 4 மீட்டர்கூட இல்லாத அகலம், அதைச் சுற்றி ஏறி இறங்கும் கண்ணாடிக் கூண்டு. லண்டன் ஐ சக்கரத்தை வடிவமைத்த மார்க்ஸ் பார்ஃபீல்டு தம்பதியின் வேலை, 2016 ஆகஸ்டில் திறந்தது. பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தவறியது கணக்கில். அதைக் கட்ட நகராட்சி அரசுக் கடன் நிதியிலிருந்து 3.6 கோடி பவுண்டு வாங்கிக் கொடுத்தது. வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் பேர் வருவார்கள், வட்டியோடு திரும்பும், ஊருக்கு லாபம் என்றார்கள். முதல் வருஷமே அந்த எண்ணிக்கை வரவில்லை, அடுத்தடுத்து இன்னும் குறைந்தது, கொரோனா வந்து மிச்சத்தையும் முடித்தது. 2024 கடைசியில் நிறுவனம் திவாலாகிக் கோபுரத்தை மூடியது, வட்டியும் சேர்ந்து 5.1 கோடி பவுண்டு அளவுக்கு நகராட்சி தள்ளுபடி செய்தது. 2025-ல் வேறு நிறுவனம் வாங்கித் திறந்துவிட்டது, ஆனால் கடன் பிரைட்டன்வாசிகள் தலையில்தான்.

ஏன் கூட்டம் வரவில்லை? ஒருமுறை ஏறினால் போதும் என்பதுதான் என் எண்ணம். மேலே போனால் ஒரு பக்கம் முழுக்கக் கடல், மறுபக்கம் கூரைகள், அதற்கப்பால் மேட்டுநிலம். அழகுதான், ஆனால் அந்த ஊர்க்காரர் அடுத்த மாதமும் டிக்கெட் எடுத்து ஏற என்ன காரணம் இருக்கிறது? கொஞ்ச தூரத்தில் 1899-லிருந்து நிற்கிற பாலஸ் பியர் என்ற, கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலத்தில் உள்ளே போய் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுவிட்டு வரலாம், மழை பெய்தால் விளையாட்டுக்கூடத்துக்குள் ஒதுங்கலாம். அதற்கு ஆள் வராத நாளே இல்லை.

எனக்கு இதைவிட வருத்தம் இன்னொன்றில். ஐ360 நிற்கும் இடம் பழைய வெஸ்ட் பியரின் வாசல். யூஜினியஸ் பர்ச் 1866-ல் கட்டிய கடற்பாலம் அது, வரலாற்றுக் கட்டடங்களில் மிக உயர்ந்த முதல் தரப் பட்டியலில் இருந்தது. 1975-ல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள், சரிசெய்யும் பேச்சு இருபத்தைந்து வருஷம் நடந்தது, லாட்டரி நிதியும் (தேசிய லாட்டரி வருமானத்தில் பொதுக் காரியங்களுக்குத் தருவது) ஒதுக்கினார்கள், வேலை தொடங்குவதற்குள் 2002 டிசம்பர் புயலில் ஒரு பகுதி சரிந்தது, 2003-ல் இரண்டு முறை தீ. இப்போது கடலுக்குள் கறுத்த இரும்புக்கூடு மட்டும். புதிய கோபுரத்தின் டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு பழைய பாலத்தின் அறக்கட்டளைக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு, பழைய சுங்கச்சாவடிக் கட்டடத்தையும் அதே பணியில் மீட்டுக் கட்டினார்கள், அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் பாலம் நின்றிருந்த காலத்தில் அதற்குச் செலவழிக்க மனம் வராமல், அது விழுந்த பிறகு அதன் வாசலில் அத்தனை பெரிய தொகையைக் கொட்டினார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்துக்கு நாட்டின் சிறந்த கட்டடத்துக்கான விருதே கிடைத்தது. மக்களே பங்கு போட்டு மீட்டார்கள். அதுவும் ஏன் நிலைக்கவில்லை? அப்படியானால் மக்கள் முயற்சியே வீண்தானா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

வீண் என்று சொல்லாதீர்கள். 1872-ல் திறந்த பாலம், 2008-ல் மூடப்பட்டு, 2010 அக்டோபரில் எரிந்து கருகியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. ஏறக்குறைய மூவாயிரம் பேர் பங்கு வாங்கி 5.9 லட்சம் பவுண்டு திரட்டினார்கள், பெரும்பகுதி லாட்டரி நிதி, மொத்தம் 1.4 கோடி பவுண்டு செலவில் 2016-ல் மறுபடி திறந்தார்கள். எரிந்த பாலத்தில் மிஞ்சிய மரப்பலகைகளையே புதிய கட்டடத்தின் சுவருக்கு வைத்தார்கள், மேலே பரந்த திறந்தவெளித் தளம். 2017 அக்டோபரில் ஸ்டர்லிங் பரிசு, நவம்பரில் திவால். 2018-ல் ஒரு வணிகர் லட்சம் பவுண்டுக்கும் குறைவான விலைக்கு வாங்கிவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லாட்டரி நிதி, அரசு நிதி எல்லாம் கட்டுவதற்குத்தான் வரும். நடத்துவதற்கு வராது. திறப்புவிழாவுக்கு மறுநாளிலிருந்து உப்புக்காற்று இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும், அலைக்குள் இறங்கி வேலை செய்யும் ஆட்களுக்குக் கூலி, காப்பீடு, காவல், மின்சாரம் எல்லாம் வருஷா வருஷம். திறந்தவெளித் தளம் பார்க்க அழகு, ஆனால் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க இடமும், காசு சம்பாதிக்கக் கடைகளும் குறைவு. இரண்டு மூன்று வருஷம் தட்டுத்தடுமாறி நிற்பதற்கு ஒரு நிதியைத் தனியாக ஒதுக்கியிருந்தால் அந்த மூவாயிரம் பேரும் இன்றைக்கும் தங்கள் பாலத்தின் சொந்தக்காரர்களாக இருந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் வாங்குவதற்கே பாலம் இருந்திருக்காது, அதையும் மறக்கக் கூடாது.

மார்கேட்டில் ஓவியக்கூடம் வந்த பிறகு வீட்டு வாடகை ஏறிவிட்டது, பழைய ஆட்களால் இருக்க முடியவில்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட வளர்ச்சி நல்லதா?
– வாசகி, டொரண்டோ

நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வந்தது. ஓவியர் டர்னர் மார்கேட்டுக்கு அடிக்கடி வந்து தங்கிய விடுதி எங்கே இருந்ததோ அந்த இடத்தில்தான் டர்னர் கன்டெம்பரரி நிற்கிறது, டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைத்தது, 1.75 கோடி பவுண்டு, 2011 ஏப்ரலில் திறந்தார்கள், நுழைவு இலவசம். அதற்கு முன்பு கடைத்தெருவில் பூட்டிய கதவுகள்தான் அதிகம். 2009 கடைசியில் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து அதிவேக ரயிலும் வந்துவிட்டதால் லண்டன்காரர்கள் வரத் தொடங்கினார்கள், முதலில் ஒருநாள் பார்க்க, பிறகு வீடு வாங்க. கடைகள் திறந்தன, வேலை வந்தது, வாடகையும் ஏறியது. ஓவியக்கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அது திறக்கும்போதே ஊர்க்காரர்கள் தங்குவதற்கான மலிவு வீடுகளையும் நகராட்சி திட்டமிட்டிருக்க வேண்டும்.

அந்த ஊரில் எனக்கு நெருக்கமானது ட்ரீம்லாண்ட் கேளிக்கைப் பூங்காவின் சீனிக் ரயில்வே. 1920-ல் மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர், ஓடிய காலத்தில் வண்டியில் பயணிகளோடு ஒரு பிரேக்காரரும் உட்கார்ந்து கையால் பிரேக் போட்டார். பூங்காவை மூடி இடத்தைக் கட்டடக்காரர்களுக்குக் கொடுக்கும் பேச்சு வந்தபோது ஊர் மக்கள் 2003-லிருந்து போராடினார்கள், 2008-ல் யாரோ தீவைத்ததில் கால்வாசி எரிந்தது, அப்படியும் விடாமல் 2015-ல் பூங்காவைத் திறக்க வைத்தார்கள். மறுவருஷமே நிர்வாகம் கடனில் விழுந்தது என்பது வேறு. ஆனால் ஒரு ரோலர் கோஸ்டரையும் வரலாற்றுச் சின்னமாகச் சட்டம் ஏற்றது, கூலிக்காரர் குடும்பங்கள் சிரித்த இடமும் அரண்மனைக்குச் சமமாகக் காக்க வேண்டியது என்று ஏற்றுக்கொண்டதாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

பிரைட்டனில் இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவிடம் இருக்கிறதாமே? எங்கே?
– வாசகர், சென்னை

இரண்டு இடம். ஒன்று ஊருக்குள், ராயல் பெவிலியன். இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815-லிருந்து மாற்றிக் கட்டிய அரண்மனை, வெளியே பார்த்தால் நம் வடநாட்டு மாளிகை மாதிரி குமிழ்க் கோபுரங்கள். விக்டோரியா ராணிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, 1850-ல் ஊர் நிர்வாகமே வாங்கிக்கொண்டது. முதல் உலகப்போரில், 1914 டிசம்பர் முதல், பிரான்ஸ் போர்முனையில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இது மருத்துவமனையானது. சரவிளக்குக்கு அடியில் வரிசையாகக் கட்டில், மதத்துக்கும் சாதிக்கும் ஏற்றபடி ஒன்பது சமையலறை, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். இந்தக் கவனிப்பைப் படம் பிடித்துப் பேரரசின் கருணை என்று விளம்பரமும் செய்தார்கள், அதையும் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும். தெற்கு வாசலில் நிற்கும் இந்தியா கேட் 1921-ல் இந்தியாவின் பரிசாகக் கட்டப்பட்டது.

இன்னொன்று சத்ரி. ஊருக்கு வடக்கே மேட்டுநிலத்தில் வெள்ளைப் பளிங்குக் குடை. பிரைட்டனில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை அங்கேதான் எரியூட்டினார்கள், 1921 பிப்ரவரியில் நினைவிடத்தைத் திறந்தார்கள். இறந்த முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில் அடக்கம் செய்தார்கள். வண்டி அருகே போகாது, மேய்ச்சல் நிலத்தின் வழியே ஏறி நடக்க வேண்டும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது. பிரைட்டனுக்குப் போகிற நம் ஆட்கள் கடற்கரையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், இந்த இரண்டையும் பார்க்காமல் வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மோர்கம்பில் வரப்போகும் ஈடன் திட்டமாவது தேறுமா?
– வாசகர், மான்செஸ்டர்

தேற வேண்டும் என்று விரும்புகிறேன், நம்பிக்கையும் இருக்கிறது. 1994-ல் இதே ஊரில் டிவி நிகழ்ச்சிப் பாத்திரமான மிஸ்டர் பிளாபியை நம்பி ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்து பதின்மூன்றே வாரத்தில் மூடினார்கள், நகராட்சிக்குப் பெரிய நஷ்டம். அந்தப் பொம்மைக்கும் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கார்ன்வாலில் ராட்சதக் குமிழ்க்கூடங்களுக்குள் தோட்டம் அமைத்த ஈடன் அப்படி இல்லை, மோர்கம்ப் வளைகுடாவையே மையமாக வைத்துத் திட்டமிட்டிருக்கிறார்கள். கடல் பல கிலோமீட்டர் உள்வாங்கி, பின் ஆள் ஓடும் வேகத்தைவிட விரைவாகத் திரும்பும் இடம் அது. வற்றிய மணலைக் கடந்து போகிறவர்களுக்கு வழிகாட்ட அரசு நியமித்த ஆள் பல நூற்றாண்டாக உண்டு. 2004-ல் சிப்பி பொறுக்க வந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த அலையில் மாட்டி இறந்தார்கள். அந்தக் கடலைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இருக்கிறது. 2023 ஜனவரியில் அரசு 5 கோடி பவுண்டு ஒதுக்கியது. நடத்தும் செலவுக்கு என்ன வழி என்பதை இப்போதே கேட்டு வாங்க வேண்டியது ஊர்க்காரர்கள் பொறுப்பு. அது திறக்கும் வரை 1933-ல் கட்டி, பாழாகி, 2008-ல் மீண்டு எழுந்த மிட்லாண்ட் ஹோட்டலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வர எது வசதி?
– வாசகி, இல்ஃபோர்ட்

சவுத்எண்ட். உலகத்திலேயே நீளமான உல்லாசக் கடற்பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் நடக்க வேண்டாம், பாலத்தின் மேலேயே சின்ன ரயில் ஓடுகிறது, கடைசி வரை உட்கார்ந்தபடியே போகலாம். தீ, கப்பல் மோதல் எல்லாம் பார்த்த பாலம், 1980-ல் நகராட்சி மூடப்போகிறேன் என்றபோது மக்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து சவுத்எண்ட் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும், உங்களுக்கு பார்க்கிங்கில் ஏறுவது பக்கம். கடல் வற்றியிருந்தால் சேறுதான் தெரியும், அதனால் அலை ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று பலமாக இருந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள், காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்டிலும் பாலத்தின் கடைசியில் குளிர் அடிக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வையும் அப்பாவுக்கு ஒரு மஃப்ளரும் எடுத்துப் போங்கள்.